நேதாஜியை ஏன் நடுக்கடலில் கப்பல் மாற்றினார்கள்?

கேள்வி: நேதாஜியை ஏற்றிச் செல்வதற்கென்றே ஜெர்மனி கட்டிய நீர்மூழ்கி யு-180 என்றும், வழியில் யாரையும் தாக்காமல் அவரைப் பத்திரமாகக் கொண்டுபோனது என்றும் படித்தேன். அப்படியானால் ஜப்பான் வரை போகாமல் மடகாஸ்கர் பக்கம் நடுக்கடலில் ஏன் இறக்கிவிட்டார்கள்? ஹிட்லர் பாதியில் கைகழுவிவிட்டாரா? (ஒரு வாசகர், விருதுநகர்)

பதில்: நீங்கள் படித்த இரண்டுமே தவறு. உங்கள் கேள்விக்கு விடையை ஹிட்லரிடம் தேட வேண்டாம், அந்த நீர்மூழ்கியின் இன்ஜின் அறையில் தேடுங்கள்.

முதலில் தேதிக் கணக்கு. ப்ரேமன் நகரின் ஏ.ஜி.வேசர் கப்பல் கட்டும் தளத்தில் யு-180 கட்டுமானம் தொடங்கியது 1941 பிப்ரவரியில். கல்கத்தாவிலிருந்து தப்பிய நேதாஜி பெர்லின் போய்ச் சேர்ந்ததே அந்த ஏப்ரலில்தான். 1942 மே 16-ல் வெர்னர் முசென்பெர்க் தலைமையில் கடற்படையில் சேர்ந்த முழுப் போர்க்கப்பல் அது. பயணி என்ற பேச்சு அதற்கு வெகுநாள் கழித்து வந்தது.

இனி இன்ஜினுக்கு வருவோம். பெருங்கடலுக்கான ஒன்பதாம் வகை நீர்மூழ்கிகளில் வழக்கமாக இரண்டு எம்.ஏ.என். டீசல் இன்ஜின்கள்தான் இருக்கும். கனமானவை, மெதுவாகச் சுழல்பவை, மாதக்கணக்கில் ஓடினாலும் தாங்குபவை. இரண்டும் சேர்ந்து 4,400 குதிரைத்திறன். யு-180 அந்த வகையின் டி-1 பிரிவு. 87 மீட்டருக்கு மேல் நீளமும் நீர்மட்டத்தில் 1,610 டன் எடையுமாக இருந்த இதற்குள், அதிவேக டார்பிடோ படகுகளுக்காகச் செய்த டெய்ம்லர்-பென்ஸ் எம்.பி.501 இன்ஜின்கள் ஆறைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றிலும் 20 சிலிண்டர், 1,500 குதிரைத்திறன். கப்பலைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் தண்டு ஒன்றுக்கு மூன்று வீதம், மொத்தம் 9,000. நீர்மட்டத்தில் மணிக்கு 20 கடல்மைலுக்கு மேல் ஓட வேண்டும் என்பது திட்டம்.

திட்டம் பலிக்கவில்லை. டார்பிடோ படகு இரவில் பாய்ந்து போய் அடித்துவிட்டுக் காலையில் துறைமுகம் திரும்பிவிடும்; அதன் இன்ஜினைப் பழுதுபார்க்கக் கரையில் ஆள் இருக்கும். நீர்மூழ்கிக்கு அந்த வசதி கிடையாது. நெருக்கிப் பொருத்திய ஆறு இன்ஜின்களின் வெப்பமும் ஒரே இரும்புக் குழாய்க்குள் அடைபட்டது. இன்ஜினைக் குளிர்விக்க வேண்டிய கடல்நீரே வெப்பமண்டலத்தில் சூடாக இருக்கும். இன்ஜின்கள் கொதித்தன. புகையும் அதிகம், மறைந்து வாழ வேண்டிய ஒரு கப்பல் தொலைவிலிருந்தே தன்னைக் காட்டிக்கொடுத்தது. எண்ணெயையும் குடித்துத் தீர்த்தது. இதே உடலில் வேறு இன்ஜின் வைத்துக் கட்டிய டி-2 பிரிவு நீர்மூழ்கிகள் எட்டிய தூரத்தில் பாதியைக்கூட டி-1 எட்டாது. ஆகவே இரண்டே இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்: யு-180, யு-195.

இந்தக் கப்பல்தான் 1943 பிப்ரவரி 9-ல் நேதாஜியையும் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசனையும் ஏற்றிக்கொண்டு கீல் துறைமுகத்தை விட்டது. நார்வே கரையோரம் வடக்கே ஏறி, அட்லாண்டிக்கில் இறங்கி, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற வேண்டும். டோக்கியோவுக்கு இது போய்வர எண்ணெய் காணாது. ஆகவே நடுக்கடலில் ஆள் மாற்றியது, ஜெர்மன், ஜப்பானியக் கடற்படைகள் முன்கூட்டியே பேசி வைத்த சந்திப்பு. ஜெர்மனி இரண்டு பேரையும் வரைபடங்களையும் ஆயுத மாதிரிகளையும் கொடுக்கும். ஜப்பான் இரண்டு கடற்படை அதிகாரிகள், டார்பிடோக்கள், 2 டன் தங்கம் கொடுக்கும். பினாங்கிலிருந்து ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி கிளம்பி வந்ததே இதற்காகத்தான். இதில் கைகழுவல் எங்கே இருக்கிறது?

‘யாரையும் தாக்காமல்’ என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. 1943 ஏப்ரல் 18-ல், நேதாஜி உள்ளே இருக்கும்போதே, தென்னாப்பிரிக்காவுக்குக் கிழக்கே கார்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 டார்பிடோவால் மூழ்கடித்தது. 8,132 டன் கப்பல். அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் செத்தார்கள். நேதாஜி மீது எவ்வளவு மதிப்பு இருந்தாலும் இதைக் கதையிலிருந்து வெட்டி எடுக்க நமக்கு உரிமை இல்லை.

ஏப்ரல் 26-ல் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே இரண்டு நீர்மூழ்கிகளும் சந்தித்தன. ஒன்றையொன்று ஒட்டி நிற்க, பலகை போட்டு நேதாஜி நடந்து போனதாக எழுதுகிறவர்கள் கடலைப் பார்த்ததில்லை. கொந்தளிக்கும் கடலில் இரண்டு எஃகு உடல்கள் ஒட்டினால், ஒரு அலையில் மோதி, ஆழ்கடலின் அழுத்தத்தைத் தாங்கும் உட்கூடு கிழியும். அதன்பின் இரண்டுமே முங்க முடியாது. அதனால் விலகியே நின்று, கடல் சற்று அடங்கக் காத்திருந்து, இடையே கயிறு கட்டி, 28-ஆம் தேதி ரப்பர் படகில் ஆட்களை மாற்றினார்கள். நேதாஜியும் ஹசனும் தொப்பலாக நனைந்துதான் ஐ-29-ல் ஏறினார்கள். அத்தனை நேரமும் இரண்டு நீர்மூழ்கிகளும் எதிரி விமானத்தின் கண்ணில் படும்படி நீர்மட்டத்தில் கிடந்தன. அந்தப் பயணத்தில் மிக ஆபத்தான கட்டம் இதுதான் என்பது என் கருத்து. மே 6-ல் ஐ-29 சுமத்ராவின் வடமுனைக்கு அப்பாலுள்ள சபாங் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அவர் விமானத்தில் டோக்கியோ போனார்.

நம் கட்டுரைகள் இங்கே யு-180-ஐ விட்டுவிடுகின்றன. அதன் கதை முடியவில்லை. திரும்பும் வழியில் ஜூன் 3-ல் போரிஸ் என்ற 5,166 டன் கிரேக்கக் கப்பலை மூழ்கடித்துவிட்டு, ஜூலை தொடக்கத்தில் பிரான்சின் போர்தோ துறைமுகம் சேர்ந்தது. அதன் கணக்கில் உள்ள கப்பல்கள் இந்த இரண்டு மட்டுமே. பிறகு அந்த ஆறு இன்ஜின்களையும் பிடுங்கிவிட்டு இரண்டே சாதாரண டீசல்களை வைத்தார்கள். டார்பிடோ குழாய்களையும் கழற்றிச் சரக்கு ஏற்றும் கப்பலாக்கினார்கள். 9,000 குதிரைத்திறன் 2,800 ஆயிற்று. 1944 ஆகஸ்டில் நேச நாட்டுப் படைகள் பிரான்சில் முன்னேறிக்கொண்டிருக்க, யு-180 சரக்கோடு கிழக்கு நோக்கிக் கிளம்பியது. சில நாளில் பிரான்சுக்கு மேற்கேயுள்ள பிஸ்கே விரிகுடாவில் காணாமல் போனது. கண்ணிவெடி என்று நெடுங்காலம் எழுதினார்கள். அது நிரூபணம் ஆகவில்லை. உள்ளே இருந்த 56 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதே சமயத்தில் அதே துறைமுகத்திலிருந்து அதே போல மாற்றிக் கட்டப்பட்டுக் கிளம்பிய யு-195, டிசம்பர் இறுதியில் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) போய்ச் சேர்ந்தது.