வாசகர் கேள்வி பதில்: கார் ஓட்டப் பழகுகிறவருக்குக் காப்பீட்டுச் செலவு கூடுமா?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் 19 வயது மகள் எங்கள் வீட்டுக் காரிலேயே ஓட்டப் பழக விரும்புகிறாள். லண்டனில் இருக்கும் என் அண்ணன், தன் மகன் ஓட்டத் தொடங்கியதும் காப்பீட்டுச் செலவு பல மடங்கு ஏறிவிட்டதாகச் சொல்கிறார். நாங்களும் மகளின் பெயரைப் பாலிசியில் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டுமா?
– வாசகி, கரூர்

பதில்: வேண்டியதில்லை. பிரிட்டனில் ஓட்டுகிறவரின் வயதையும் அனுபவத்தையும் பார்த்துப் பிரீமியம் போடுகிறார்கள்; அதனால்தான் இளைஞர்களுக்கு அங்கே அவ்வளவு செலவு. இந்தியாவில் வாகனத்தைப் பார்த்தே போடுகிறார்கள். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு அரசே தொகையை நிர்ணயிப்பதால், எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அது ஒன்றுதான். 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், இவற்றின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.

ஆனால் உங்கள் பாலிசியில் ‘ஓட்டுநர்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள். செல்லுபடியாகும் உரிமம் உள்ள எவரும் ஓட்டலாம் என்றும், எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வைத்திருப்பவர் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆம் விதிக்கு உட்பட்டு ஓட்டலாம் என்றும் அதில் இருக்கும். முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’ எழுத்து இருக்க வேண்டும், உரிமம் உள்ள ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே அந்த விதி. எல்.எல்.ஆர். கைக்கு வரும் முன் “நம் தெருதானே” என்று சாவியைக் கொடுத்தீர்களானால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட வாய்ப்புண்டு. உரிமமின்றி ஓட்டியதற்கு அவளுக்கு 5,000 ரூபாயும், ஓட்ட அனுமதித்ததற்கு உங்களுக்கு 5,000 ரூபாயும் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

மிச்சம் பிடிக்க ஓர் இடம் உண்டு. பாலிசியோடு வரும் 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பீடு, உரிமையாளரே ஓட்டும்போது அவருக்கு மட்டுமே உரியது. உங்கள் ஸ்கூட்டருக்கோ வேறு வாகனத்துக்கோ அதை ஏற்கெனவே எடுத்திருந்தால், காருக்கு மறுபடியும் எடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை உங்கள் மகளின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுக்கச் செலவிடுங்கள், ஏனெனில் வண்டியை ஓட்டும்போது அவளுக்கே அடிபட்டால் உரிமையாளருக்கான அந்த 15 லட்சம் ரூபாய்க் காப்பீடு அவளைச் சேராது.

கேள்வி: என் மகன் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் தூணில் இடித்துப் பின்பக்கப் பம்பர் விரிசல் விட்டுவிட்டது. பம்பருக்கு 4,000, பெயின்டுக்கும் கூலிக்கும் 3,000 என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்கிறார்கள். இதுவரை கிளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடியாக இப்போது 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறது. கிளெய்ம் செய்யலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கைக்காசைப் போட்டுச் சரிசெய்துவிடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி விலையைக் கழிப்பார்கள், 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை) 1,000 ரூபாயும் போகும். ஆக உங்கள் கைக்கு வருவது மிஞ்சிப்போனால் 4,000 ரூபாய். போனஸ் கழிக்கும் முன் உங்கள் காரின் சொந்தச் சேதப் பிரீமியம் (உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான பங்கு) 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் செய்யாவிட்டால் அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு 45, 50, 50 சதவீதம் தள்ளுபடி. செய்தால் 0, 20, 25. வித்தியாசத்தைக் கூட்டினால் சரியாக 10,000 ரூபாய். 4,000 ரூபாயை வாங்குவதற்காக அதை விடுவது கணக்கில் சேராது.

‘பம்பர் டு பம்பர்’ என்று ஏஜென்ட்கள் சொல்லும் தேய்மானமில்லாக் காப்பீட்டை எடுத்திருந்தாலும் 6,000 ரூபாய்தான் கிடைத்திருக்கும். இருந்தாலும் புதிதாக ஓட்டுகிறவர் உள்ள வீட்டில் அதை எடுப்பதை நான் வீண் என்று சொல்லமாட்டேன். பானட், ஹெட்லைட், ஃபெண்டர் என்று ஒரே மோதலில் எல்லாம் போகும்போது அது கைகொடுக்கும். பிரீமியம் குறைகிறதே என்று தாமாக ஏற்கும் கழிவை உயர்த்திக்கொள்வதைத்தான், மகன் ஓட்டிப் பழகும் வரையிலாவது தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் டிரைவிங் ஸ்கூலில் எல்.எல்.ஆர். முதல் லைசென்ஸ் வரை எல்லாம் சேர்த்து ஒரே தொகை சொல்கிறார்கள். பள்ளியில் சேராமல் பழகினால் லைசென்ஸ் கிடைக்காது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சொந்த உபயோகக் காருக்கு உண்மையில்லை, பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் வாடகைக்கோ சரக்குக்கோ ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் தேவை. மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வாகனத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு 300, உரிமம் வழங்க 200. மாநிலச் சேவைக் கட்டணம் தனி. பள்ளி சொல்லும் தொகையிலிருந்து இதைக் கழித்தால், பயிற்சிக்கு எவ்வளவு, அலைச்சலுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பைக் உரிமமும் இல்லையென்றால் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பிறகு ஒரு வகையைச் சேர்க்க 500 ரூபாய் ஆகும்.

அதற்காகப் பள்ளியே வேண்டாம் என்பதில்லை. பயிற்சியாளரின் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும் வண்டியில் முதல் சில நாட்கள் பழகுவது, வீட்டுக் காரில் அப்பா ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பு. சேரும்போது “தினம் ஒரு மணி நேரம்” என்ற பேச்சோடு திரும்பிவிடாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பின்சீட்டில் இன்னும் இருவர் தங்கள் முறைக்குக் காத்திருந்தால், உங்கள் கையில் ஸ்டியரிங் இருப்பது இருபது நிமிடம்தான். தினம் எத்தனை கிலோமீட்டர் என் கையில் கொடுப்பீர்கள், மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கவும் ரிவர்ஸ் எடுக்கவும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி அழுத்தியபடி வண்டியை நகர்த்துவது) பிடிபட்டதும் மீதிப் பயிற்சியை வீட்டுக் காரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

எல்.எல்.ஆர். ஆறு மாதங்களுக்குச் செல்லும். எடுத்து 30 நாட்கள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். முப்பத்தோராம் நாளே ஓட வேண்டாம். தோற்றால் தேர்வுக் கட்டணம் மறுபடியும், ஏழு நாள் காத்திருப்பும் வரும்.

கேள்வி: ஓட்டிப் பழகவென்றே ஒரு பழைய கார் வாங்குகிறோம். காப்பீடு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்று விற்பவர் சொல்கிறார். அப்படியே விட்டுவிடலாமா?
– வாசகர், தென்காசி

பதில்: விடக்கூடாது. வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் காரின் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, காரோடு வராது. ஆகவே அந்தத் தள்ளுபடித் தொகையை மீதி மாதங்களுக்கு உங்களிடம் கேட்பார்கள். அதையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.