பத்து மாதமாகியும் குழந்தை தவழவில்லை என்றால் கவலைப்பட வேண்டுமா?

தவழாமலேயே நடக்கத் தொடங்கும் குழந்தைகளும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 4 விழுக்காட்டினர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. துணையின்றி நடந்த வயதும் ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை வேறுபட்டது. ஆகவே, உங்கள் குழந்தை தவழவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் கவலைப்பட மாட்டேன்.

பொதுவாக உடலசைவுகளின் மீதான கட்டுப்பாடு தலையிலிருந்து கீழ்நோக்கியும், தோளிலிருந்து விரல்நுனியை நோக்கியும் வளர்கிறது. முதலில் கழுத்து நிற்கிறது. பிறகு குழந்தை குப்புற விழுகிறது, உட்காருகிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சிறு பொருளை எடுப்பது ஓராண்டை ஒட்டித்தான் கைகூடுகிறது. ஆனால் இதை மூளை மட்டுமே நடத்தும் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. பிறந்த குழந்தையை அக்குளில் தாங்கிப் பாதம் தரையில் படும்படி பிடித்தால், நடப்பதுபோலக் கால்களை மாற்றி மாற்றித் தூக்கும். இது ஓரிரு மாதங்களில் மறைந்துவிடும். மூளை முதிர்வதால்தான் மறைகிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1980களில் எஸ்தர் தெலன் என்ற உளவியலாளர், குழந்தைகளின் கால்களை நீரில் மூழ்கும்படி வைத்துப் பார்த்தபோது அந்த அசைவு மீண்டும் தோன்றியது. கால்களில் கொழுப்பு சேரும் வேகத்துக்குத் தசைவலிமை ஈடுகொடுக்காததால் குழந்தையால் அவற்றைத் தூக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எஞ்சியதைப் பயிற்சி தருகிறது. உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, நடை பழகும் குழந்தை தன்போக்கில் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் வைத்து, 17 முறை விழுகிறது. எனவே தரையில் தாராளமாக இடம் விடுங்கள். விழித்திருக்கும்போது, உங்கள் பார்வையில், குப்புறப் படுக்க விடுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. விபத்துகளுக்கு அஞ்சிக் கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது.

கண்ணும் கையும் ஒத்துழைப்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். மூன்று வயதில் கைகளை விறைப்பாக நீட்டிப் பந்துக்குக் காத்திருக்கும் குழந்தையை அவசரப்படுத்திப் பயனில்லை.

கற்ற திறனை இழப்பது, ஒரு வயது ஆவதற்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது, உடல் மிகத் தளர்வாகவோ விறைப்பாகவோ இருப்பது, 18 மாதமாகியும் நடக்காதது ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால், காத்திராமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.