கிரனாடாவின் இமாம் ஷாத்திபி: கேள்வி பதில்

கேள்வி: ஹஜ்ரத், கிராஅத் (குர்ஆன் ஓதும் முறைகள்) மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ‘ஷாத்திபிய்யா’வை எழுதியவர் இவர்தானா?

இல்லை தம்பி. அதை எழுதிய ஷாத்திபி ஹிஜ்ரி 590இல் கெய்ரோவில் மறைந்தவர். நாம் பேசுவது ஹிஜ்ரி 790இல் (கி.பி. 1388) ஸ்பெயினின் கிரனாடாவில் மறைந்த அபூ இஸ்ஹாக் ஷாத்திபியைப் பற்றி. இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான மாலிகி மத்ஹபுக்காரர்.

கேள்வி: மார்க்கம், உயிர், அறிவு, சந்ததி, பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே ஷரீஅத்தின் (மார்க்கச் சட்டத்தின்) நோக்கம் என்கிறார்களே, அது குர்ஆனின் எந்த ஆயத்தில் (வசனத்தில்) இருக்கிறது?

ஒரே ஆயத்தில் தேடினால் கிடைக்காது. இந்த ஐந்தையும் இமாம் கஸ்ஸாலி முன்பே எண்ணிச் சொல்லிவிட்டார். அது உறுதியான அறிவுதான் என்று நிறுவியதில்தான் ஷாத்திபியின் உழைப்பு இருக்கிறது. பழைய அரபுக் கதைகளில் வரும் ஹாத்திம் தாயி வள்ளல் என்பதில் யாருக்காவது சந்தேகம் உண்டா? அவரைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் தனியாகப் பார்த்தால் பலவீனமாகக்கூட இருக்கலாம். எல்லாம் ஒரே பக்கம் கைகாட்டும்போது சந்தேகத்துக்கு இடமே இல்லை. இந்த உவமையை அவரே சொல்கிறார். அப்புறம் சட்டங்களுக்கு வருகிறார். தண்ணீர் இல்லையா, மண்ணால் சுத்தம் செய்யும் தயம்மும் செய். பயணமா, நான்கு ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுகையை இரண்டாகத் தொழு. நிற்க முடியவில்லையா, உட்கார்ந்து தொழு. பசியில் உயிர் போகிறதா, செத்த பிராணியும் ஆகும். தனித்தனிச் சட்டங்கள்தான். ஆனால் சேர்த்து வைத்துப் பார்த்தால், மனிதனை நெருக்கடியில் தள்ளுவது மார்க்கத்தின் நோக்கமல்ல என்பது பளிச்சென்று தெரியும். இப்படித் திரட்டி அறிவதற்கு ‘இஸ்திக்ரா’ என்று பெயர். உசூல் (சட்ட மூலக் கோட்பாடு) படிப்பவர்கள் இந்த ஓரிடத்தில் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் தகும்.

கேள்வி: அப்படியானால் நோக்கத்தைக் காட்டிச் சட்டத்தை நம் வசதிக்கு வளைக்கலாமா?

கூடாது. மனிதனை மனோஇச்சையின் பிடியிலிருந்து வெளியே கொண்டுவருவதும் ஷரீஅத்தின் நோக்கம் என்று எழுதியவர் அவர். இன்று அவர் பெயரைச் சொல்லும் பலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

கேள்வி: தொழுகைக்குப் பின் எல்லோரும் சேர்ந்து கேட்கும் கூட்டு துஆவை (பிரார்த்தனையை) அவர் எதிர்த்தாரா? எங்கள் பள்ளியில் இதே பேச்சுதான்.

இமாமாக நின்று அதை வழக்கமாக்க மறுத்தார். உடனே, துஆவால் பயனில்லை என்கிறார் என்று பழி போட்டார்கள். ஜும்ஆ குத்பாவில் (வெள்ளிக்கிழமை உரையில்) கலீஃபாக்களின் பெயரை வழமையாகச் சொல்லாததற்கு ராஃபிழி (முதல் கலீஃபாக்களை ஏற்காதவர்) என்றார்கள். தன் ‘அல்இஃதிஸாம்’ நூலின் முன்னுரையில் இதை வலியோடு எழுதியிருக்கிறார். அவர் துஆவை மறுக்கவில்லை. இரு தரப்பும் அதைப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

கேள்வி: அவருடைய ‘அல்முவாஃபகாத்’ நூலுக்கு அந்தப் பெயர் ஏன்?

முதலில் வேறு பெயர்தான் வைத்திருந்தார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் கனவில் இவர் கையில் ஒரு புத்தகத்தைக் கண்டு, என்னவென்று கேட்டாராம். மாலிகி இமாம் இப்னுல் காசிமின் வழியையும் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ ஹனீஃபாவின் வழியையும் இணக்கப்படுத்துவதால் ‘முவாஃபகாத்’ என்று கனவிலேயே பதில் வந்ததாம். கனவைக் கேட்டதும் பழைய பெயரை மாற்றிவிட்டார்.