கழிக்கறதுக்கு முன்னாடி அந்த நாலு சட்டையைப் பாருங்க

அலமாரி பிதுங்குது ஆனா சுத்தி சுத்தி அதே நாலு சட்டைதான் போடறேன், எதைக் கழிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல அந்த நாலையும் கட்டில்ல விரிச்சுப் போட்டு உள்பக்க லேபிளைப் படிங்க, தோள் தையல் எங்க உக்காருதுன்னு பாருங்க, தோள் எலும்பு முனையில சரியா நிக்கும், துணியும் அநேகமா ஒரே ரகமா இருக்கும், உங்களுக்கு ஒத்துவர்றது அதுதாங்க. மத்த ஹேங்கரையெல்லாம் திருப்பி மாட்டிடுங்க, போட்டுத் துவைச்சதை மட்டும் நேரா மாட்டுங்க, 6 மாசத்துல எது அசையவே இல்லன்னு கண்ணுக்கே தெரிஞ்சிடும் (ஸ்வெட்டர், விசேஷ டிரெஸ்ஸை இதுல சேக்காதீங்க). புதுசு எடுக்கறப்ப கையில இருக்கற பேன்ட் மூணோடயாவது சேருமான்னு பாருங்க, ஆஃபர்ங்கறதுக்காக எடுக்காதீங்க. இளைச்சா போட்டுக்கலாம்னு வச்சிருக்கறதை மட்டும் இன்னைக்கே யாருக்காவது குடுத்துடுங்க, தினம் கதவைத் திறக்கறப்ப அது மனசை ரொம்ப நோகடிக்கும்.