வேலையில் இருந்துகொண்டே எம்.பி.பி.எஸ். கனவு: எந்த வருஷம் நீட் எழுதுவது?

வேறு வேலை பார்த்துக்கொண்டே மருத்துவம் படிக்க நினைக்கும் மதுரை வட்டார வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: அண்ணே, இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்குல வேலை. வயசு 31. இனிமே நீட் எழுத விடுவாங்களா? எழுதணும்னா வேலைய எப்ப விடறது?

விடுவார்கள். நீட் தேர்வுக்கான மேல் வயது வரம்பை 2022-ல் எடுத்துவிட்டார்கள். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள். 32 வயதில் சேர்ந்தால், நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணியும் முடியும்போது 37-ஐத் தாண்டியிருப்பீர்கள். மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று ஆண்டுகள்.

நீட் எழுதுவது ஒரு முடிவு, வேலையை விடுவது வேறொரு முடிவு. பலர் இரண்டையும் ஒன்றாக எடுத்துத்தான் கஷ்டப்படுகிறார்கள். 2025-ல் பொதுப் பிரிவுக்கு விண்ணப்பக் கட்டணம் 1,700 ரூபாய். அந்தச் செலவோடு, வேலையில் இருந்தபடியே முதல் தடவை எழுதுங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்த பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எங்கே நிற்கிறோம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது சார்? கோச்சிங் சென்டர் மாதிரித் தேர்வில் 480 வாங்கினேன். போதுமா?

வெறும் 480-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2024-ல் 720-க்கு 720 வாங்கியவர்களே பலர். 2025-ல் இயற்பியல் கடினமாக இருந்தது, நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686-தான். ஒரே மதிப்பெண் ஒரு வருஷம் அரசுக் கல்லூரியில் இடம் வாங்கித் தரும், மறு வருஷம் தராது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். நீங்கள் இன்னும் பார்க்காத ஓர் ஆண்டின் அசல் நீட் வினாத்தாளை எடுங்கள். ஞாயிறு மதியம் 2 மணியிலிருந்து 5 மணிவரை, ஓ.எம்.ஆர். தாளில் பேனாவால் வட்டம் நிரப்பி எழுதுங்கள். 2025 முறைப்படி 180 கேள்வி, 180 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். வந்த மதிப்பெண்ணை அதே ஆண்டு தமிழக மருத்துவத் தேர்வுக்குழு வெளியிட்ட தரவரிசைப் பட்டியலில் தேடி, உங்கள் சமூகப் பிரிவில் எத்தனாவது இடம் வருகிறது, அந்த இடத்துக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்று பாருங்கள். மூன்று ஆண்டுத் தாள்களில் இரண்டிலாவது அரசு ஒதுக்கீட்டுக்குள் வந்தால் வேலையை விடுவதைப் பற்றிப் பேசலாம். அதற்கு வெகுதூரம் கீழே இருந்தால் இன்னும் ஒரு வருஷம் வேலையோடு படிப்பதே நல்லது.

‘தகுதி பெற்றார்’ என்ற சொல்லை நம்பி ஏமாறவேண்டாம். 2025-ல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. அது கலந்தாய்வுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். அரசு இடம் அதற்கு வெகு உயரத்தில் இருக்கிறது.

இடைவெளி விட்டுப் படிப்பவர்களை வழக்கமாக இழுத்துவிடுவது நேரம். 90 உயிரியல் கேள்விகளை 50 நிமிடத்துக்குள் முடிக்கப் பழகாவிட்டால் இயற்பியல் கணக்குகளுக்கு நேரம் இருக்காது. பழைய புத்தகத்தைத் தூசி தட்டிப் படிப்பதும் வீண், 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது.

கேள்வி: உசிலம்பட்டி. பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், உயிரியல் படிக்கவில்லை. அப்புறம் பி.இ. முடித்தேன். கதவு மூடிவிட்டதா?

மூடவில்லை. பிளஸ் டூ முடித்த பிறகு உயிரியலைக் கூடுதல் பாடமாகப் படித்துத் தேறினாலும் செல்லும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் சேரலாம். அங்கே பொதுத்தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர். அக்டோபரில் எழுதுவதே உங்களுக்கு நல்லது. ஏப்ரல் தேர்வு என்றால் நீட் நெருங்கும் நேரத்தில் இரண்டும் மோதும், மதிப்பெண் பட்டியல் கைக்கு வருவதும் தாமதமாகும். செய்முறைத் தேர்வும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். பழைய பட்டியலில் இயற்பியல் மிகவும் குறைந்திருந்தால் உயிரியலில் கூடுதலாக எடுத்து ஈடுகட்ட வேண்டும். ஆகவே உங்களுக்கு முதல் வேலை உயிரியலுக்குப் பதிவு செய்வது, கோச்சிங் கட்டணம் அதற்குப் பிறகு.

கேள்வி: பி.சி. பிரிவு. என் சம்பளம் ஆண்டுக்கு 9 லட்சம். ஓ.பி.சி. சான்றிதழ் கிடைக்காது என்கிறார்களே?

ஓ.பி.சி. பிரிவில் வசதியானவர்களை விலக்கும் ‘கிரீமி லேயர்’ வடிகட்டலைப் பார்ப்பது உங்கள் பெற்றோரின் நிலையை வைத்து. உங்கள் சொந்தச் சம்பளம் அதில் சேராது. தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கு அந்த வடிகட்டலே கிடையாது, மாநிலச் சாதிச் சான்றிதழ் போதும். மத்திய ஒதுக்கீட்டுக்கு மட்டும் மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழை இ-சேவை மையம் வழியாக முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கேள்வி: அக்கா, தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தமிழ் மீடியம். தமிழிலேயே எழுதலாமா?

எழுதலாம்மா. வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி. அதனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படித்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூவில் தொழிற்கல்விப் பிரிவு நர்சிங் படித்திருந்தால் இயற்பியல், வேதியியல் இருந்ததா என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: கல்யாணமாகி ஒரு குழந்தை. எவ்வளவு பணம் சேர்த்துவிட்டு இறங்கலாம்?

மதுரை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் பெரிய சுமையாக இருக்காது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் என்றாலே ஆண்டுக்குச் சில லட்சம் போகும், நிர்வாக ஒதுக்கீடு அதற்குப் பல மடங்கு. வீட்டுச் செலவே உங்களுக்கு உண்மையான கணக்கு. வகுப்பில் 75 சதவீதம், செய்முறையில் 80 சதவீதம் வருகை கட்டாயம் என்பதால் படிக்கும்போது வேலை பார்க்க முடியாது. பயிற்சி ஆண்டில்தான் உதவித்தொகை வரும். எனவே நாலரை ஆண்டுக்கான வாடகை, குழந்தையின் பள்ளிக் கட்டணம், மாதத் தவணை மூன்றையும் இணையரின் வருமானத்திலிருந்து ஓட்ட முடியுமா என்று தாளில் எழுதிப் பாருங்கள். ஓடவில்லை என்றால், வீட்டுக் கடன் முடியும் ஆண்டை முதலில் குறியுங்கள்.

கேள்வி: இந்த வருஷ நீட் மதிப்பெண்ணை அடுத்த வருஷம் பயன்படுத்தலாமா?

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு அந்த ஆண்டு மதிப்பெண் மட்டுமே செல்லும். வெளிநாடு போகிறவர்களுக்கு மூன்று ஆண்டு செல்லும். அங்கே 54 மாதப் படிப்பு, பயிற்சி எல்லாம் ஒரே நிறுவனத்தில், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். திரும்பி வந்து தகுதித் தேர்வும் இங்கே ஓராண்டுப் பயிற்சியும் உண்டு. வயது கூடியவர்கள் அந்த ஆண்டுகளையும் கணக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டே பணம் கட்டவேண்டும்.