எக்ஸிமா உள்ள குழந்தையை மரபணு ஆய்வுப் பதிவேட்டில் சேர்க்கலாமா?

கேள்வி: 6 வயது மகளுக்கு எக்ஸிமா. அதன் மரபணுக் காரணங்களை ஆராயும் நோயாளர் பதிவேட்டில் சேர்க்கிறீர்களா என்று மருத்துவர் கேட்கிறார். எச்சில் மாதிரியும் எடுப்பார்களாம். இதனால் அவளுக்குப் பலன் உண்டா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மகளின் அரிப்பு இதனால் குறையாது. மரபணு முடிவை உங்களிடம் தருவார்கள் என்பதும் நிச்சயமில்லை. ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். எனக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே இந்த எக்ஸிமா, அதாவது கரப்பான் நோய், வந்துவிட்டது. நோயின் போக்கை வருடக்கணக்கில் குறித்துவைக்கும் இப்படி ஒரு பதிவேட்டில் 9 வருடமாக இருக்கிறேன்.

சேர்ந்த அன்று நர்ஸ் என் கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையில் மெல்லிய ரேகைகள் நெருக்கமாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. அவரோ படிவத்தில் அதற்கென இருந்த கட்டத்தில் குறித்துக்கொண்டார். ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவாக இருப்பவர்களின் உள்ளங்கையில் இப்படிக் கோடுகள் கூடுதலாக இருக்குமாம்.

தோலின் மேலடுக்கை இறுக்கிக் கட்டுவது இந்த ஃபிலாக்ரின்தான். பிறகு அதுவே சிதைந்து, தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாகிறது. 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழு, இந்தப் புரதத்துக்கான மரபணு பழுதானால் செதில் செதிலாகத் தோல் உலரும் இக்தியோசிஸ் வல்காரிஸ் வருகிறது என்று கண்டது. அதே ஆண்டில் அதே பழுதுகள் எக்ஸிமாவுக்கும் வழிவிடுகின்றன என்பதும் தெரிந்தது. அதற்கு முன்பு எக்ஸிமாவை நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறாகவே பெரும்பாலும் பார்த்தார்கள். தோலின் சுவரிலேயே ஓட்டை இருக்கலாம் என்பது அதன் பிறகுதான் வலுப்பெற்றது.

சரி, காரணம் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குப் பதிவேடு? ஐரோப்பியரில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவரிடம் இந்தப் பழுது உண்டு. அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் எக்ஸிமா வருவதே இல்லை. எக்ஸிமா உள்ள பெரும்பாலோரிடம் இந்தப் பழுது இல்லை. பரம்பரையின் பங்கு பெரிது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. டென்மார்க்கின் இரட்டையர் ஆய்வு ஒன்றில், உருவம் ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு எக்ஸிமா இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 72 சதவீதம். மற்ற இரட்டையரில் அது 23 சதவீதம்தான்.

2023-இல் வந்த ஓர் ஆய்வு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலைச் சேர்த்துப் பார்த்து, டிஎன்ஏவில் எக்ஸிமாவோடு தொடர்புள்ள இடங்களைப் பல பத்துக் கணக்கில் கண்டது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் பெரும்பாலும் கிடைப்பது எக்ஸிமா உண்டா இல்லையா என்ற ஒரே பதில்தான். எப்போது தொடங்கியது, எந்த மடிப்பில் வந்தது, எந்த வயதில் போனது, திரும்பி வந்ததா என்பதெல்லாம் அதில் இருக்காது. அதைத் தருவது பதிவேடு.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய குழந்தைகள் பதிவேடு. அதைத் தொடங்கியது மரபணுவுக்காகவே அல்ல. எக்ஸிமாவுக்குப் பூசும் பைமெக்ரோலிமஸ் களிம்பால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் உண்டா என்று கண்காணிக்கத் தொடங்கியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெற்றோர் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினார்கள். ஒரு பகுதிக் குழந்தைகள் டிஎன்ஏவும் கொடுத்தார்கள். ஆண்டுகள் போகப்போக அந்தத் தாள்களே பேச ஆரம்பித்தன. ஃபிலாக்ரின் பழுதுள்ள குழந்தைகளுக்கு நோய் நீடிப்பது அதிகம் என்று தெரிந்தது. 'வளர்ந்தால் சரியாகிவிடும்' என்று உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அந்தப் பதிவேட்டில், அறிகுறியும் மருந்தும் இல்லாத ஓர் ஆறு மாதமாவது பாதிப் பேருக்குக் கிடைக்க 20 வயது ஆனது. என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்போ நான் தப்பா எதுவும் செய்யலையா?" என்றுதான் கேட்டார்.

அதே பதிவேட்டில் இன்னொன்றும் தெரிந்தது. ஐரோப்பியரிடம் கண்ட நாலைந்து பழுதுகளை மட்டும் தேடியபோது கறுப்பினக் குழந்தைகளில் பலரின் பழுதுகள் கண்ணில் படாமலே போயின. மரபணுவை முழுவதுமாக வாசித்தபோது அவர்களிடம் வேறு பழுதுகள் இருந்தன. ஜப்பானியர்களிடம் காண்பவையும் வேறு. இதுவரை சேர்ந்தவர்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிக அதிகம் என்பதால், மற்றவர்களின் ஒவ்வொரு மாதிரிக்கும் தனி மதிப்பு உண்டு. யாருடைய டிஎன்ஏ அங்கே இல்லையோ, அவர்களுடைய பழுதை யாரும் தேடப்போவதில்லை.

ஆனாலும் எச்சிலைவிட முக்கியம், நோயின் போக்கைச் சொல்லும் கேள்வித்தாள். ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாள் பல இடங்களில் புழக்கத்தில் உண்டு. போன வாரம் எத்தனை நாள் அரித்தது, எத்தனை நாள் தூக்கம் கெட்டது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது, நீர் வடிந்தது, வெடித்தது, உதிர்ந்தது, வறண்டது. எல்லாமே நாள் கணக்குதான், அதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, அதிகபட்ச மொத்தம் 28. இரண்டு நிமிடம் போதும். மூன்றாவது வருடம் எனக்குத் தோல் தெளிந்திருந்தபோது, எழுத என்ன இருக்கிறது என்று நான் இரண்டு முறை அனுப்பாமல் விட்டுவிட்டேன். அது பிழை. குணமானவர்கள் மௌனமாகிவிட்டால் கணக்கில் அவதிப்படுபவர்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். நோயைத் தணிப்பது எந்த மரபணு என்பது தெரியாமலே போகும். உங்கள் மகள் நன்றாகத் தூங்கும் வாரத்திலும் சுழியம் போட்டு அனுப்புங்கள்.

கையெழுத்துப் போடுமுன் ஒப்புதல் படிவத்தை நிதானமாகப் படியுங்கள். மருந்து நிறுவனங்களுக்குத் தகவல் போகுமா, பெயரை நீக்கி வைப்பார்களா, பாதியில் விலகினால் மாதிரியை அழிப்பார்களா, மகள் பெரியவளானதும் அவளிடம் புதிதாக ஒப்புதல் கேட்பார்களா என்று கேளுங்கள். விலகுவதற்கு முன் ஆய்வில் பயன்பட்ட தகவலைப் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது. ஒழுங்கான பதிவேடு என்றால் இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

அப்புறம், எச்சில் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் அவள் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருக்க வேண்டும். குழாயில் கோடு வரை வர வேண்டியது எச்சில், நுரை கணக்கில்லை. சின்னக் குழந்தைக்கு அது பெரிய வேலை. துப்ப வரவில்லை என்றால் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.