விமான ரேடியோவின் ஆன்டெனா கேபிளுக்கு சிசிடிவி கடை கனெக்டர் போதுமா?

கேட்டவர் தேவகோட்டைத் தம்பி. நண்பரின் இரண்டு இருக்கை விமானத்தில் ரேடியோ கரகரக்கிறதாம். ஆன்டெனா கனெக்டரை மாற்றப் போகிறார்கள். ‘எல்லாம் ஒரே பிஎன்சிதான்’ என்கிறாராம் சிசிடிவி கடைக்காரர். பிஎன்சி என்பது சொருகிக் கால் சுற்று திருப்பிப் பூட்டும் கனெக்டர். அதைப் போடலாமா, சால்டர் நல்லதா கிரிம்ப் (உலோக வளையத்தை நசுக்கிப் பிடிக்க வைப்பது) நல்லதா என்று கேட்கிறார்.

போடாதீர்கள். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

விமானப்படையில் ரேடியோ பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது காரைக்குடிவாசி. சிசிடிவி கனெக்டரின் மின்மறுப்பு 75 ஓம், விமான ரேடியோவுக்கு 50 ஓம், அதனால் ஒத்துவராது என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் விமானி டவருடன் பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை. அங்கே அலைநீளமே இரண்டு மீட்டருக்கு மேல். நடுவில் மூன்று சென்டிமீட்டர் மட்டும் 75 ஓமாக இருந்தால் அலை அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. கெடுவது பிடிப்பில். அந்தக் கனெக்டர் ஆறு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஆர்ஜி-59 கேபிளுக்கு அளவெடுத்தது. உங்கள் கேபிள் ஐந்து மில்லிமீட்டர்கூட முழுதாக இராது. எஞ்சின் அதிர்வில் தளர்ந்துவிடும். கேபிள் நுனியிலேயே திருகிச் சொருகும் வகை இன்னும் மோசம், அதை விமானத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஜாடிக்கேற்ற மூடி என்பார்களே, முதலில் ஜாடியைப் பாருங்கள். பழைய சிறு விமானங்களில் பெரும்பாலும் ஆர்ஜி-58தான் ஓடும். உள்ளே பாலிஎத்திலீன், மேலே பிவிசி உறை, இரண்டுக்கும் நடுவே ஒற்றைக் கம்பிப் பின்னல். சால்டர் சூட்டில் பாலிஎத்திலீன் இளகி நடுக்கம்பி ஓரமாக ஒதுங்கிவிடும். பிவிசி எரிந்தால் வரும் புகை விமானி மூச்சில் போகக்கூடாத புகை. எப்படியும் கனெக்டரை வெட்டப் போகிறீர்கள், கேபிளையும் ஆர்ஜி-400 ஆக மாற்றிவிடுங்கள். டெஃப்லான் காப்பு, வெள்ளி முலாம் பூசிய இரட்டைப் பின்னல், 200 டிகிரி வரை தாங்கும். உறையில் எம்17/128 என்ற ராணுவத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம் ‘ஆர்ஜி-142/400-க்கானது’ என்று எழுதியிருக்கும் கிரிம்ப் கனெக்டர். ஆர்ஜி-58-க்கு என்று விற்பது பல நேரம் இரட்டைப் பின்னலுக்கு இடம் கொடுக்காது, முக்கித் தள்ள வேண்டிவரும்.

சால்டரா கிரிம்பா என்றால், வெளிப் பின்னலுக்குக் கிரிம்ப்தான். அதற்குக் கிரிம்ப் கருவியில் அறுகோண டை (நசுக்கும் அச்சு) வேண்டும். இந்தக் கேபிளின் வளையத்துக்குப் பெரும்பாலும் 5.4 மில்லிமீட்டர், ஆனாலும் கனெக்டரின் தாளில் போட்டிருக்கும் அளவே கடைசி வார்த்தை. கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது.

இதைச் சூடு பட்டுத்தான் கற்றேன். ஒரு பயிற்சி விமானம். தரையில் சோதித்தால் ரேடியோ கணீரென்று பேசும், மேலே ஏறியதும் டவருக்குக் குரல் அறுந்து அறுந்து கேட்கும். செட்டை மூன்று முறை மாற்றினோம். கேபிளை மல்டிமீட்டரில் வைத்தேன், பீப் அடித்தது, நானும் நம்பினேன். கடைசியில் ஆன்டெனா அடியில் இருந்த கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால், நடு முள் ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போயிருந்தது. யாரோ பிளேயரால் அழுத்தியிருக்கிறார்கள். நின்றால் தொடும், அதிர்ந்தால் விலகும். மூன்று செட்டும் நல்ல செட்டு.

அதனால் முள் எந்த அளவு வெளியே நிற்கிறது என்று, பக்கத்தில் புதுக் கனெக்டர் ஒன்றை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னலின் ஒரு மயிரிழை முள்ளின் பக்கம் எட்டிப் பார்த்தாலும் வெட்டிவிட்டு முதலிலிருந்து செய்யுங்கள்.

வெள்ளி முலாம் கறுத்துப்போனால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் வேலை செய்யும். வீட்டில் குத்துவிளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பதுபோல இதைத் தேய்த்துவிடாதீர்கள், முலாமே போய்விடும். பச்சை பூத்திருந்தால்தான் கவலை, தண்ணீர் இறங்கியிருக்கிறது. அரிப்பைப் பற்றியும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியை 1953-இல் திறந்த காரைக்குடி ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். கேபிள் கனெக்டருக்குள் நுழைவதற்கு முன் ஒரு தொங்கல் விடுங்கள், வழியும் நீர் அதன் அடியில் சொட்டிவிடும்.

முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய செட்டுகளில் பிஎல்-259 என்ற பெரிய திருகு கனெக்டரைப் பார்த்திருக்கலாம். 1930-களின் சரக்கு. அலமாரியில் வைக்க அழகு, நீர் புகாமல் காக்கும் அமைப்பு அதில் கிடையாது. பிஎன்சியின் இடத்தில் திருகிப் பூட்டும் டிஎன்சி வைக்க முடிந்தால் அதிர்வுக்கு அது மேல். ஆனால் செட்டிலும் ஆன்டெனாவிலும் என்ன வாய் இருக்கிறதோ அதுதான் முடிவு செய்யும். இதற்காக அடாப்டர் மேல் அடாப்டர் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஆன்டெனாவைக் கழற்றி அந்த முனையில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சோதனைக்கு மாட்டும் மின்தடை) மாட்டுங்கள். செட்டு முனையில் எஸ்டபிள்யூஆர் மீட்டர் (அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் கருவி) 1 என்ற எண்ணை ஒட்டியே காட்ட வேண்டும், கேபிளைக் கையால் அசைத்தாலும் மீட்டரின் முள் ஆடக்கூடாது. பிறகு ஆன்டெனாவை மாட்டி 118, 127, 136 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் பாருங்கள். இரண்டுக்குள் இருந்தால் போதும். டம்மி லோடில் சரியாகக் காட்டி ஆன்டெனாவில் மட்டும் ஏறினால், கனெக்டரை விட்டுவிட்டு ஆன்டெனா உட்காரும் இடத்தில் பெயிண்டும் துருவும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற விமானம் என்றால் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரைக் கூட வைத்துக்கொண்டே இதைத் தொடங்குங்கள், கையெழுத்து அவருடையது.